பெயருள்ள கொலையும் பெயரில்லாத கொலையும்

தலைக்கூத்தல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நடுநாட்டவராகிய நமக்குள் ஒரு நிம்மதி பரவுகிறது. “அதெல்லாம் விருதுநகர், மதுரைப் பக்கம். நம்ம ஊர்ல அந்த வழக்கம் கெடையாது” என்று கல்லூரி ஆசிரியர் அறையிலும் சொல்கிறார்கள், இலக்கியக் கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள். அண்ணாகிராமம், பண்ருட்டி ஒன்றியங்களின் கரும்புக் கொல்லைகளிலும் முந்திரிக் காடுகளிலும் இதே வாக்கியத்தைக் கேட்கிறோம். வாக்கியம் உண்மைதான். தலைக்கூத்தல் என்ற பெயரில் ஒரு சடங்கு கடலூர் மாவட்டத்தில் இல்லை. ஆனால் ‘அந்த வழக்கம் இங்கில்லை’ என்பதிலிருந்து ‘அந்தக் குற்றம் இங்கில்லை’ என்ற முடிவுக்கு நாம் தாவிவிடுகிறோம். அந்தத் தாவலை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தெற்கைப் பற்றி. விருதுநகர், மதுரை, தேனி, இராமநாதபுரம் மாவட்டங்களின் சில பகுதிகளில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் குடும்பமே முடிவு கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தம் முடிவு பற்றி வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டு, தப்பி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதன்பிறகே செய்தித்தாள்கள் இதைத் தீவிரமாக எழுதத் தொடங்கின. திரைப்படங்களும் வந்தன. 2019இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்ற ‘பாரம்’, அதே ஆண்டு வெளியான ‘கே.டி. (எ) கருப்புதுரை’, 2023இல் அந்தப் பெயரையே தலைப்பாக்கி வந்த ‘தலைக்கூத்தல்’ ஆகியவற்றை வாசகர்கள் அறிவார்கள்.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களையும் அறிவார்கள். வறுமை என்பார்கள், கருணை என்பார்கள், பழங்காலத்து வடக்கிருத்தலின் தொடர்ச்சி என்றுகூடத் தமிழ் படித்த சிலர் சொல்வதுண்டு. கடைசி நியாயத்தைத் தமிழாசிரியர் என்ற முறையில் நாம் பொறுத்துக்கொள்ள இயலாது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது அவன் தன் முடிவு. பிசிராந்தையார் அவனைத் தேடி வந்ததும் அவர்தம் முடிவு. வடக்கிருப்பவனின் வாயில் அவன் மகன் எதையும் ஊற்றுவதில்லை. தானே தேர்ந்த சாவையும் பிறர் தேர்ந்து தரும் சாவையும் ஒரே சொல்லால் குறிப்பவர் இலக்கியத்தையும் அறியவில்லை, சட்டத்தையும் அறியவில்லை.

முதுமக்கள் தாழியைத் துணைக்கழைப்பவர்களும் உண்டு. வயதாகிச் சுருங்கிப்போனவர்களை உயிரோடு தாழியில் இறக்கி, விளக்கும் சோறும் வைத்து மூடினார்கள் என்ற கதையை நாமெல்லாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அது கதைதான். தாழி இறந்தோரை அடக்கம் செய்த கலம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தோரை அடக்கும் முறைகளை அடுக்கும்போது தாழியையும் அவற்றுள் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் அந்தப் பொய்க்கதை ஏன் இத்தனை ஊர்களில் உயிரோடிருக்கிறது என்பது யோசிக்கத் தக்கது. முன்னோரும் இப்படித்தான் செய்தார்கள் என்று நம்புவது, இப்போது செய்கிறவர்களுக்கு ஆறுதலாயிருக்கிறது.

வறுமை என்ற நியாயமும் முழுதும் நிற்காது. வறுமை இருந்தது, கரிசல் மண்ணின் பஞ்சம் பொய்யன்று. ஆனால் வறுமை மட்டுமே காரணமாயின், ஏழைகள் வாழும் இடமெங்கும் இவ்வழக்கம் இருந்திருக்கவேண்டும். அப்படி இல்லை. வசதியுள்ள வீடுகள் முதியவரை நன்றாக வைத்திருக்கவும் வேண்டும். அப்படியும் இல்லை.

*

இனி வட்டார வேறுபாட்டுக்கு வருவோம். 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் தொகுத்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர், அதாவது 15.7 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். கண்டவாரியாக ஆசியாவில் 20.2, ஐரோப்பாவில் 15.4, அமெரிக்கக் கண்டங்களில் 11.7 விழுக்காடு. முதியோரைத் தெய்வமாகப் போற்றுவது கிழக்கு, முதியோர் இல்லத்தில் தள்ளுவது மேற்கு என்று மேடைதோறும் முழங்கும் நண்பர்கள் இந்த மூன்று எண்களை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு முழக்கத்தைத் தொடரட்டும்.

அதே ஆய்வில் இன்னொரு வரிசையும் உண்டு. கொடுமையின் வகைகளில் முதலிடம் மனத்தைப் புண்படுத்துதலுக்கு, 11.6. அடுத்தது பணத்தையும் சொத்தையும் பறித்தல், 6.8. பின்னர் கவனிக்காமல் விடுதல், 4.2. உடலைத் தாக்குதல் 2.6தான். அடி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சொல்லும் பத்திரமும் பட்டினியும் முன்பக்கத்தில் இருக்கின்றன. நாமோ கடைசிப் பக்கத்தை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, நம் ஊரில் ஒன்றுமில்லை என்கிறோம்.

இந்தியாவுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2017-18இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடந்த முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வில், அறுபது கடந்தோருள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே தாம் கொடுமைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். பிகாரில் அது தேசிய அளவைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆசியாவின் தொகுப்பு ஐந்தில் ஒருவர் என்கிறது, நம் நாட்டு ஆய்வு இருபதில் ஒருவர் என்கிறது. அளவிட்ட முறைகள் வேறு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நாம் ஊகிக்கலாம். கேள்வி கேட்பவர் வந்து அமரும் திண்ணை மகனுடையது. உள்ளே காது கொடுத்திருப்பவர் மருமகள். இரவுச் சோறு அந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். “என்னை நல்லாத்தான் வச்சிருக்காங்க தம்பி” என்ற விடையில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு இராச்சோறு என்பதை எந்தப் புள்ளிவிவரமும் பிரித்துக் காட்டாது.

எனவே வட்டாரந்தோறும் மாறுவது கொடுமையின் அளவு மட்டுமன்று, அதன் வடிவமும் மாறுகிறது என்பதே நம் வாதம். பிகாரிலும் ஜார்க்கண்டிலும் நிலமுள்ள தனித்த கிழவியைச் சூனியக்காரி என்று பட்டம் கட்டி விரட்டுகிறார்கள், கொல்கிறார்கள். அதைத் தடுக்கப் பிகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச்சட்டமே இயற்றவேண்டி வந்தது. வங்கத்துக் கைம்பெண்களைப் பிருந்தாவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள்; அதற்குப் பக்தி என்று பெயர். கேரளத்தில் குருவாயூர் போன்ற கோயில்களில் பெற்றோரைக் கொண்டுபோய் விட்டுவிடுவதை நடதள்ளல் என்கிறார்கள். கோயிலுக்கு மாட்டை நேர்ந்துவிடும் வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, விளைச்சல் என்ன, பிள்ளைகள் எங்கே பிழைக்கப் போகிறார்கள், சாவைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்ற நான்கும் சேர்ந்தே அந்தந்த மண்ணின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. வடிவத்துக்குப் பெயர் விழுந்த இடங்களை நாம் காட்டுமிராண்டி நாடு என்கிறோம். பெயர் விழாத இடங்களைப் பண்பாட்டு பூமி என்கிறோம்.

*

நடுநாட்டுச் சொற்களுக்கென்றே கண்மணி குணசேகரன் ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். சொல்வளத்துக்குக் குறைவில்லாத மண் இது. ஆயினும் நாம் முதியோருக்குச் செய்வதற்கு நம் பேச்சில் பெயரில்லை. பெயரில்லாததால் அது வழக்கமும் ஆகவில்லை, குற்றமும் ஆகவில்லை. ‘குடும்ப விஷயம்’ என்று ஆகிவிட்டது. அதன் கூறுகள் சிலவற்றைச் சொல்கிறோம். வாசகர் தம் தெருவோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது, பத்திரம். தந்தைக்கு எழுபது தாண்டியதும் தானசெட்டில்மென்ட் பேச்சு எழுகிறது. பின்னால் சண்டை வரக்கூடாது, வங்கிக் கடன் வாங்கவேண்டும், வீடு கட்டவேண்டும் என்று பல காரணங்கள். ஒரு காலைப்பொழுதில் வாடகைக் கார் வருகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்து வருகிறார்கள். போகும்போது நில உரிமையாளராக இருந்தவர் வரும்போது விருந்தாளி. அந்தப் பத்திரத்தில், கடைசிவரை இவரைப் பராமரிக்கவேண்டும் என்ற ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. ‘அன்பின் பேரில்’ என்ற தொடர் மட்டும் தவறாமல் இருக்கும்.

இரண்டாவது, முறைச்சோறு. பாகப்பிரிவினையில் கொல்லையும் கிணறும் பிரிவதைப்போல் பெற்றோரும் பிரிகிறார்கள். இந்த மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் சின்னவன் வீடு. முப்பது நாள் கணக்கில், 31ஆம் நாளின் சோறு யார் பொறுப்பு என்று வாய்ச்சண்டை நடப்பதை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்த நாளில் சாப்பிடாதிருக்கும் வயிறு நம் சிரிப்பில் இடம்பெறுவதில்லை. இதனினும் கொடிது, தந்தை ஒரு மகனிடமும் தாய் மற்றொரு மகனிடமும் என்று ஐம்பதாண்டுத் தாம்பத்தியத்தை இரண்டாக அறுப்பது. தந்தையால் ஆடுமாடு பார்க்க முடியும், தாயால் முந்திரிக்கொட்டை உடைக்கவும் பிள்ளை பார்க்கவும் முடியும். எனவே உழைப்பாகவே பங்கு பிரிகிறார்கள். ஒரே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் மனைவியைப் பார்க்கக் கிழவர் சாக்குத் தேடவேண்டியிருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் இதற்குப் பிரிவில்லை. நம் மனத்திலாவது இருக்கவேண்டாமா?

மூன்றாவது, ஓய்வூதிய அட்டை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில் மாதம் 1200 ரூபாயாக உயர்ந்தது. தொகை சிறிது. ஆனால் அந்தக் கிழவியின் கையில் அவள் பெயரில் வரும் ஒரே தொகை. வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் பேரனிடம் இருக்கின்றன. “எனக்கு எதுக்குப்பா காசு” என்று அவளே சொல்லும்படி வைத்திருப்பதில்தான் நம் சாமர்த்தியம்.

நான்காவது, இடம். வீடு மெத்தை வீடாகும்தோறும் முதியவர் வெளியே நகர்கிறார். நடுவறையிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து தாழ்வாரத்துக்கு, அங்கிருந்து ஆட்டுக்கொட்டகையின் ஓரத்துக்கு. கழிப்பறை இருக்கும் வீட்டிலேயே அவருக்கு மட்டும் முந்திரிக்காடு.

ஐந்தாவது, இலக்கணம். இது நம் துறை என்பதால் சற்றே நின்று சொல்கிறோம். உயர்திணையை அஃறிணையாகச் சொல்ல நன்னூலார் ஐந்து காரணங்களை அனுமதிக்கிறார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. குழந்தையை ‘அது’ என்கிறோம், அது உவப்பு. கிழவியையும் ‘அது’ என்கிறோம். “அது இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு.” இந்த ‘அது’ ஐந்தில் எது என்பதைச் சொல்பவர் வாயே அறியும். எங்கள் மாணவர்களிடம் இந்தச் சூத்திரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நூலில் உள்ளதைச் சொல்வார்கள். வீட்டில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

இவற்றில் எதுவும் கொலையில்லையே என்பார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே கொலையில்லை. நிலம் போனவர் பேச்சு செல்லாது. பேச்சு செல்லாதவர் மருந்து கேட்கமாட்டார். மருந்து கேட்காதவர் இளைப்பார், விழுவார். விழுந்தவர் ‘இழுத்துக்கொண்டு’ கிடப்பார். தெற்கே ஒரு விடியற்காலையில் முடிப்பதை இங்கே ஐந்தாறு ஆண்டுகளில் முடிக்கிறோம். இறுதியில் ‘கல்யாணச் சாவு’ என்று மேளமும் வெடியும் வைத்து எடுக்கிறோம். எண்பது வயதில் வீட்டில் இறந்தவர் எதனால் இறந்தார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. வயது என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. கேள்வியில்லாச் சாவு என்ற அளவில் தெற்குக்கும் நடுநாட்டுக்கும் வேறுபாடு ஏதுமில்லை.

*

இந்த மண்ணுக்கென்று ஒரு தனிக்காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலாவும் முந்திரியும் பாட்டன் நட்டுப் பேரன் பறிப்பவை. அந்த மரங்கள் நின்றவரை, நட்டவருக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. ஒவ்வொரு பருவத்திலும் காய் இறங்கும்போது அவர் பெயர் சொல்லப்பட்டது. மரம் விழுந்தபின் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். போனது குற்றமன்று. பிழைப்பு. ஆனால் வீட்டில் மிஞ்சியவர் வெறும் செலவுக் கணக்காக மாறிப்போனார். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் அறுபது கடந்தோர் 2011 கணக்கெடுப்பிலேயே 10.4 விழுக்காடு. அதே ஆண்டு ஏழு மாநிலங்களில் நடந்த ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் ஆய்வில், தனியே வாழும் முதியோரின் பங்கு தமிழ்நாட்டில்தான் மிக அதிகம். ஏறத்தாழ நான்கில் ஒருவர். கூட்டுக்குடும்பம் பற்றிய நம் பெருமிதம் அப்போதே காலாவதியாகிவிட்டது.

இலக்கியம் என்ன செய்தது? பண்ருட்டியை அடுத்த பத்திரக்கோட்டையைச் சேர்ந்த தங்கர்பச்சான் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ நாவலை எழுதினார். 2007இல் அவரே படமாக்கினார். தம் உழைப்பால் ஆக்கிய நிலத்தையும் மரங்களையும் விட்டு, பெற்ற மக்களிடம் மதிப்பிழந்து, மனைவியோடு வெளியேறும் மாதவப் படையாட்சி இந்த மண்ணின் மனிதர். படம் பார்த்துப் பலரும் அழுதார்கள். அழுதவர்களில் எத்தனை பேர் அந்தப் பிள்ளைகளின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தார்கள்? எல்லோரும் தம் தந்தையை நினைத்தே அழுதார்கள். தம்மை நினைத்து யாரும் அழவில்லை. மண்ணைப் பற்றிய ஏக்கமாக அதைப் படித்து முடித்துக்கொண்டோம். அது நம்மீதான குற்றப்பத்திரிகை என்பதை விட்டுவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லும் மண்சட்டிக் கதையையும் எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்குச் சோறு போடும் ஓட்டைச் சட்டியைப் பேரன் பத்திரப்படுத்துகிறான். ஏனென்று தந்தை கேட்க, உனக்கு வயதாகும்போது வேண்டுமே என்கிறான். தந்தை திருந்துகிறான். நீதிக்கதையாம்! இதில் தாத்தாவுக்கு நீதி எங்கே இருக்கிறது? நாளை தனக்கும் இதே கதி என்ற அச்சத்தில் தந்தை சட்டியை மாற்றுகிறான். பேரன் அப்படிச் சொல்லாதிருந்தால் சட்டி மாறாது. மகனில்லாத ஒருவன், அல்லது மகனுக்கு அஞ்சத் தேவையில்லாத பணக்காரன், தன் தந்தைக்கு ஓட்டைச் சட்டியில் சோறு போடலாம் என்பதே இக்கதையின் உட்பொருள். முதியவர் உணவுக்கும் மதிப்புக்கும் உரியவர் என்ற எளிய வாக்கியத்தைச் சொல்ல நமக்கு ஒரு கதை இல்லை. தாயைத் தெய்வமாக்கும் கவிதைகள் ஆயிரம் உண்டு. தெய்வத்துக்குப் பசிக்காது என்பது அதில் ஒரு வசதி.

*

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ளவேண்டும். படுக்கையில் கிடப்பவரின் மலசலத்தை அள்ளுவது யார்? பெரும்பாலும் மருமகள். சொத்து மகன் பெயருக்குப் போகிறது, வேலை அவன் மனைவி தலையில் விழுகிறது. மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் இயற்றியது. பங்கு கேட்ட மகள் ஊரில் கெட்டவள். கடைசியில் அம்மாவைத் தூக்கிப்போய் வைத்துக்கொள்பவளோ பல வீடுகளில் அவள்தான். எனவே மருமகளைக் கொடுமைக்காரியாக்கும் நம் திரைப்படங்களோடு நமக்கு உடன்பாடில்லை. வீடு தேடிவந்து நோயாளிகளைப் பார்க்கும் அரசுத் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது. அது இன்னும் பல மடங்கு விரிய வேண்டும். ஆனால் பராமரிப்பின் சுமை, பத்திரத்தில் கைரேகை வாங்கியதற்கு நியாயமாகாது. மலம் அள்ளச் சலித்த கை வேறு, கைரேகை வாங்கிய கை வேறு.

சட்டம் இல்லாமலில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. கோட்டாட்சியரிடம் வழக்கறிஞர் இன்றியே மனுக் கொடுக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு ஆணையிட அதில் இடமுண்டு. முதியவரைக் கைவிட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நிபந்தனை இருந்ததாக நிறுவவேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. நிபந்தனை எழுதாத நம் ஊர்ப் பத்திரங்களுக்கு அது பேரிடி. பின்னர் 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோருக்கு ஆதரவாகவே இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நாகப்பட்டினத்து வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம், அன்பும் பாசமுமே எழுதப்படாத நிபந்தனை என்று ஏற்றுக்கொண்டது. ‘அன்பின் பேரில்’ என்று வெறும் அலங்காரமாக எழுதிவந்த பத்திர எழுத்தர்களின் தொடருக்குப் பொருள் கிடைத்திருக்கிறது.

ஆயினும் பண்ருட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு கிழவர் கடலூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக யார் பேருந்துக் கட்டணம் தருவார்? மனுக் கொடுத்துவிட்டு அன்றிரவு எந்த வீட்டுக்குத் திரும்புவார்? 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்க யாருடைய கைப்பேசியை வாங்குவார்? சட்டம் இருக்கிறது, அந்த ஓர் இரவுக்கு இடம் இல்லை. இந்த இடைவெளியைத்தான் நம் மௌனம் காவல் காக்கிறது. “அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு?”

நாம் கேட்பவை பெரிய புரட்சி எதுவும் இல்லை. நிபந்தனை வரி இல்லாத தானசெட்டில்மென்ட் பத்திரத்துக்குப் படித்தவர்களாகிய நாம் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. ஊரில் சாட்சிக்கு முதலில் அழைக்கப்படுபவர் வாத்தியார்தானே! பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் உட்காரும்போது, தாயையும் தந்தையையும் தனித்தனியே வைக்கும் பேச்சு எழுந்தால் எழுந்து நின்று மறுக்கவேண்டும். அடுத்த வீட்டுத் திண்ணையில் கிடப்பவரிடம் வாரத்துக்கு ஒருமுறை, வீட்டார் இல்லாத நேரத்தில், சாப்பிட்டீர்களா என்று கேட்கவேண்டும். கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போகவேண்டும். இதனால் பகை வரும். வரட்டும். இலக்கியச் சண்டைகளில் நாம் சம்பாதிக்கும் பகையைவிட இது பெறுமதியுள்ளது.

இதே மாவட்டத்தின் வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவர் யாரென்று அங்கே கேட்பதில்லை. அந்தப் பெருமையை நாம் வெளியூர்க்காரர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. அந்தப் பந்தியில் உட்காரும் முதியவர்களில் எத்தனை பேருக்கு அருகிலேயே மகன் வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வோமாயின், தெற்கத்திக்காரர்களைப் பற்றிப் பேச நமக்கு ஒருவேளை தகுதி வரலாம்.